வாசகர் கேள்வி–பதில்: காலைத் தும்மலும் தலையணையும்

கேள்வி: மகளுக்கு 9 வயது. காலையில் கண் விழித்ததுமே அடுக்குத் தும்மல், மூக்கு ஒழுகல். பள்ளிக்குக் கிளம்புவதற்குள் அடங்கிவிடுகிறது. தூசி ஒவ்வாமை என்கிறார் டாக்டர். இரண்டு வேளை பெருக்கி, தினமும் கிருமிநாசினி ஊற்றித் துடைக்கிறேன். இன்னும் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, கடலூர்

பதில்: உங்கள் உழைப்பு முழுவதும் தரைக்கே போகிறது. முதலில் படுக்கையைக் கவனியுங்கள். தூங்கி எழும்போது வரும் தும்மலுக்குப் பெரும்பாலும் தூசி உண்ணிதான் காரணம். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இந்த உயிருக்கு நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் தீனி. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் கடலோர ஊர்களில் நன்றாகப் பெருகுகிறது.

தும்மலைக் கிளப்புவது அதன் எச்சமும் உடல் துணுக்குகளும். உண்ணி செத்தாலும் எச்சம் பஞ்சுக்குள் அப்படியே இருக்கும். அதைக் கொல்லவும் வேண்டும், எச்சத்தை வெளியேற்றவும் வேண்டும். தரையில் ஊற்றும் கிருமிநாசினி படுக்கையில் இந்த இரண்டில் எதையும் செய்யாது.

விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். மெஷினில் ஹீட்டர் இல்லையென்றால் கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். பிள்ளைகள் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சம் பெருமளவு போய்விடும், ஆனால் உண்ணிகள் பிழைத்துக்கொள்ளும்.

மெத்தையை வெயிலில் போடும் நம் வழக்கம் நல்ல வழக்கம். ஆனால் பலர் ஒரு மணி நேரம் போட்டு, ஒரு பக்கம் காய்ந்ததும் எடுத்துவிடுகிறார்கள். காலை 11 முதல் பிற்பகல் 3 வரை, நடுவில் புரட்டிப்போட்டு, இரு பக்கமும் சுடச் சுடக் காயவிடுங்கள். பிறகு மொட்டை மாடியிலேயே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, பிரம்பால் தட்டுங்கள். மகள் அப்போது அங்கே இருக்கக் கூடாது. தட்டாமல் உள்ளே கொண்டுவந்தால் செத்த உண்ணியும் எச்சமும் கூடவே வந்துவிடும்.

அடுத்து, மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த ஒவ்வாமைத் தடுப்பு உறை போடுங்கள். நூலிழை இடைவெளி 10 மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். சாதாரணப் பருத்தி உறை போதாது. ஜிப் வைத்த ரெக்சின் உறையும் உதவும், வியர்க்கும் என்பதுதான் குறை. பல வருடம் உழைத்த இலவம்பஞ்சுத் தலையணையைத் தயங்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். துணிப் பொம்மைகளைப் பாலிதீன் பையில் கட்டி ஒரு முழு நாள் ஃப்ரீசரில் வைத்து, பிறகு துவையுங்கள். குளிர் உண்ணியைக் கொல்லும். எச்சம் துவைத்தால்தான் போகும்.

பெருக்குவதிலும் ஒரு மாற்றம் வேண்டும். உலர்ந்த பூந்துடைப்பம் படிந்ததைக் கிளப்பிவிடும். மகள் பள்ளியில் இருக்கும்போது, ஃபேனை நிறுத்திவிட்டு, மேலிருந்து கீழே வாருங்கள். ஃபேன் இறக்கையில் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். அலமாரி, ஜன்னல் கம்பிகளை ஈரத்துணியால் துடைத்து, அரை மணி நேரம் படியவிட்டு, கடைசியில் தரைக்கு ஈர மாப் போடுங்கள். தரையைத் துடைத்த பிறகு ஃபேனைத் தொட்டால் பாதி வேலை வீண்.

இவற்றில் ஒன்றை மட்டும் செய்தால் பலன் மிகக் குறைவு. சேர்த்துச் செய்தாலும் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் டாக்டர் சொல்லாமல் மருந்தை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு வீசிங். வாரம் ஒருமுறை கரப்பானுக்கு ஸ்பிரே அடிக்கிறோம். அடித்த அன்று இரவு அவருக்கு இரைப்பு கூடுகிறது.
– வாசகர், மதுரை

பதில்: ஸ்பிரேயை இன்றே நிறுத்துங்கள். அந்த நெடி மூச்சுக்குழலை நேரடியாக உறுத்தும். கரப்பானின் எச்சம், எச்சில், உரித்த தோல் இவையும் ஆஸ்துமாவைத் தூண்டும். ஜெல் மருந்துக்கு மாறுங்கள். சிங்க் அடி, கேஸ் அடுப்பின் பின்புறம், ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், அலமாரிக் கீல்கள் என இருட்டும் சூடும் உள்ள இடங்களில் அரிசி அளவு புள்ளிகளாக வையுங்கள். அதன் அருகில் ஸ்பிரேயோ ஃபினாயிலோ பட்டால் கரப்பான் ஜெல்லைத் தின்னாது; பல வீடுகளில் ஜெல் தோற்பது இதனால்தான். இரவில் சிங்க்கைக் காயத் துடைத்து, குப்பைக் கூடையை மூடி வையுங்கள்.

இரண்டு வாரத்தில் நடமாட்டம் குறைந்ததும், மூலைகளில் மிளகுத்தூள் போல அப்பியிருக்கும் எச்சத்தைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். அதை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டக் கூடாது. இந்த வேலையை அப்பா செய்ய வேண்டாம்.

கேள்வி: மழைக்காலம் முடிந்தாலும் படுக்கையறைச் சுவரில் கருப்புப் பூஞ்சை. பெயின்ட் அடித்தும் திரும்ப வருகிறது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: ஈரம் நிற்காதவரை எந்தப் பெயின்ட்டும் நிற்காது. மாடித் தளம், சுவருக்குப் பின்னுள்ள குழாய், ஜன்னல் மேல்தட்டு மூன்றையும் பார்த்துக் கசிவை அடைத்துவிடுங்கள். பூஞ்சையை உலரச் சுரண்டினால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணீரால் நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள். பூத்துப்போன பூச்சைக் கொத்தி எடுத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பெயின்ட். பிளீச்சிங் பவுடர் பயன்படுத்தினால் அதனுடன் ஆசிடையோ வினிகரையோ சேர்க்கவே கூடாது, நச்சுவாயு வரும். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள்.

கேள்வி: தூசி ஒவ்வாமைக்கு ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: உண்ணி எச்சம் கனமானது, கிளம்பினாலும் அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் படிந்துவிடும். காற்றை வடிகட்டும் கருவிக்கு அது சிக்குவது குறைவு. அந்தப் பணத்தில் முதலில் மெத்தை உறை வாங்குங்கள். மிச்சமிருந்தால் ஹெப்பா ஃபில்டர் வைத்த வாக்குவம் கிளீனர்; அந்த ஃபில்டர் இல்லாதது நுண்தூசியைப் பின்பக்கமாக வெளியே தள்ளிவிடும்.