குடிக்காத மனுஷனுக்கு ஈரல் ஏன் வீங்குது?

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 46 வயசு, ஜவுளிக்கடையில கேஷியர். எடை 84 கிலோ, நாலு வருஷமா சுகர் மாத்திரை சாப்பிடுறார். போன மாசம் மாஸ்டர் செக்கப்ல ஸ்கேன் எடுத்தாங்க, ஈரல் 17 செ.மீ. இருக்கு, வீக்கம், கொழுப்பு ரெண்டாவது கிரேடுன்னு எழுதியிருக்கு. எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 62, பிலிருபின் நார்மல், பிளேட்லெட் 2,40,000. அவர் ஒரு சொட்டு குடிச்சதில்ல, ஆனா நாத்தனார் "உனக்கு தெரியாம குடிக்கிறானோ"ன்னு கேட்டுட்டாங்க. மாமியார் தினமும் கீழாநெல்லி அரச்சு குடுக்கறாங்க. இது கேன்சரா? எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல.
(பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: அம்மா, முதல்ல உங்க பயத்துக்கு பதில் சொல்லிடறேன். நீங்க எழுதியிருக்கற ரிப்போர்ட்ல கேன்சர்னு நினைக்க வைக்கற மாதிரி எதுவுமே இல்ல. கட்டி ஏதாவது இருந்தா ஸ்கேன் எடுத்தவங்க அத தனியா, அளவோட எழுதியிருப்பாங்க, அப்படி ஒரு வரி இருந்திருந்தா நீங்க அதத்தான் முதல்ல எனக்கு எழுதியிருப்பீங்க. இன்னிக்கு ராத்திரி தூங்குங்க.

ஈரல் வீக்கம்ங்கறது ஒரு வியாதியோட பேர் இல்ல. காய்ச்சல் மாதிரி, உள்ள ஏதோ நடக்குதுன்னு காட்டற அடையாளம் அது. பெரியவங்களுக்கு ஈரல் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ இருக்கும், வலது பக்க விலா எலும்புக்கு உள்ள ஒளிஞ்சிருக்கும். ஸ்கேன்ல 15 செ.மீ. வரைக்கும் பொதுவா சாதாரணம்னு எடுத்துப்பாங்க, 16 தாண்டினா வீக்கம்னு எழுதுவாங்க. ஆனா உயரமான ஆளுக்கு கொஞ்சம் பெருசாதான் இருக்கும், சில பேருக்கு பிறவியிலயே வலது பக்கம் நாக்கு மாதிரி கீழ நீண்டிருக்கும், அதனால செ.மீ. கணக்க மட்டும் வச்சு யாரும் பயப்பட வேண்டாம். ஏன் பெருசாச்சுன்னு கேக்கணும், அதுதான் கேள்வி.

காரணம் ஒன்னு ரெண்டு இல்ல. கொழுப்பு சேர்ந்தா பெருசாகும், குடியால ஆகும், ஹெபடைட்டிஸ் பி, சி மாதிரி ஈரலத் தாக்கற வைரஸ் கிருமியால ஆகும், டெங்கு, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல் வந்தா கொஞ்ச நாளைக்கு வீங்கி அப்புறம் தானா இறங்கும், டிபி மாத்திரை மாதிரி சில மருந்தால ஆகும், ரத்தப் புற்றுநோய்லயும் ஆகும். இதுல எல்லாரும் மறந்துடறது இதயத்த. என் சொந்த சித்தப்பாவுக்கு ஈரல் வீங்கியிருக்குன்னு ஸ்கேன்ல வந்துச்சு, ரெண்டு மாசம் காமாலைன்னு பத்தியம் இருந்தார், உப்பில்லாத கஞ்சி, ஊர் ஊரா நாட்டு மருந்து. கால் வீங்கிட்டே இருந்தது, ராத்திரி படுக்க முடியாம தலையணைய உசத்தி வச்சுக்கிட்டு உக்காந்தே தூங்கினார், அத யாருமே சேர்த்து பாக்கல, நானும் அப்ப மருத்துவம் படிச்சிட்டு இருந்தவன், எனக்கும் தோணல. கடைசியில பாத்தா இதயத்தோட பம்பிங் குறைஞ்சு, ரத்தம் மேல போக முடியாம ஈரல்ல தேங்கி நின்னிருக்கு. இதயத்துக்கு மாத்திரை குடுத்ததும் சில வாரத்துல ஈரல் இறங்கிடுச்சு. அந்த ரெண்டு மாசம் எனக்கு இன்னிக்கும் உறுத்துது, அதனாலதான் ஈரல்னு யார் வந்தாலும் கால் வீக்கம் இருக்கா, மூச்சு வாங்குதான்னு கேக்காம விடறதில்ல. உங்க வீட்டுக்காரர்கிட்டயும் கேளுங்க.

அவர் விஷயத்துக்கு வர்றேன். சுகர் இருக்கு, எடை இருக்கு, நாள் பூரா உக்காந்த வேலை, ஸ்கேன்லயும் கொழுப்புன்னே வந்திருக்கு. அதனால காரணம் பெரும்பாலும் கொழுப்புதான். இதுக்கு ஒரு சொட்டு சாராயம் தேவையில்ல. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாதப்ப சோறு, சர்க்கரைன்னு உள்ள போறதுல செலவாகாததையெல்லாம் ஈரல் கொழுப்பா மாத்தி தனக்குள்ளயே அடுக்கி வச்சுக்கும். உங்க நாத்தனார்கிட்ட இத சொல்லுங்க, தைரியமா சொல்லுங்க. டாக்டருங்களே ரொம்ப வருஷமா இதுக்கு "மது சாராத" கொழுப்பு ஈரல்னு பேர் வச்சிருந்தாங்க, மதுங்கற வார்த்தை பேர்லயே இருக்கறது நோயாளிங்கள சங்கடப்படுத்துதுன்னும், உண்மையான காரணம் உடம்போட சர்க்கரை, கொழுப்பு கணக்குதான்னும் சொல்லி 2023ல உலக அளவுல அந்த பேரையே மாத்திட்டாங்க. உடம்பு சரியில்லாத மனுஷன் மேல கூடவே ஒரு சந்தேகத்தையும் ஏத்தி வைக்கறது பெரிய கொடுமை. உங்க வீட்டுக்காரர் காதுபட நீங்க ஒரு தடவ அவருக்காக பேசிடுங்க.

அடுத்து, ஈரல் எவ்வளவு கெட்டிருக்கு? அத கிரேடு சொல்லாது, கிரேடு கொழுப்போட அளவ மட்டும்தான் சொல்லும். நாம பயப்பட வேண்டியது தழும்புக்கு. கொழுப்பு பல வருஷம் அப்படியே கிடந்து புண்ணாகி தழும்பாகி, கடைசியில சிரோசிஸ்ங்கற நிலைக்கு போகலாம், எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு. அந்த கட்டத்துல ஈரல் பல சமயம் சுருங்கிடும், அதனால "அடுத்த ஸ்கேன்ல சைஸ் குறைஞ்சிடுச்சு, சரியாயிடுச்சு"ன்னு டாக்டர்கிட்ட காட்டாம விட்டுடாதீங்க. தழும்பு இருக்குமான்னு பாக்க வீட்லயே போடக்கூடிய ஒரு கணக்கு இருக்கு, ஃபிப்-4னு பேர். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.ங்கறது ஈரல் அடிபட்டா ரத்தத்துல ஏறற ரெண்டு என்சைம், பிளேட்லெட்ங்கறது ரத்தம் உறைய உதவற அணு. வயசையும் எஸ்.ஜி.ஓ.டி.யையும் பெருக்கணும், அத பிளேட்லெட்ட ஆயிரத்தால வகுத்து வர்ற எண்ணாலயும் எஸ்.ஜி.பி.டி.யோட வர்க்கமூலத்தாலயும் வகுக்கணும். நீங்க குடுத்த எண்ண வச்சு போட்டேன், 46 இன்டு 48 வந்து 2208, கீழ 240 இன்டு 7.87, விடை 1.17. 1.3க்கு கீழ இருந்தா பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு ரொம்ப குறைவு. நல்ல செய்தி. சுகர் இருக்கறதால ஒன்னு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ இந்த கணக்க திரும்ப போடுங்க, எண் ஏறினா ஃபைப்ரோஸ்கேன், அதாவது ஈரல் எவ்வளவு இறுகியிருக்குன்னு பாக்கற ஸ்கேன், எடுக்கணும்.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருக்கு. ஹெபடைட்டிஸ் பி, சி ரெண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செஞ்சாங்களான்னு பாருங்க, உங்க கடிதத்துல அது இல்ல. செலவு அதிகமில்ல. கொழுப்பு இருக்குங்கறதாலயே வைரஸ் இருக்காதுன்னு அர்த்தமில்ல, ரெண்டும் ஒன்னா இருக்கலாம். சி இருந்தா கூட பெரும்பாலானவங்களுக்கு 12 வாரம் மாத்திரையில முழுசா குணமாயிடும், 2018ல ஆரம்பிச்ச தேசிய திட்டத்துல அரசு மருத்துவமனையில அந்த மருந்து இலவசம். பி இல்லைன்னு வந்தா தடுப்பூசி போட்டுக்க சொல்லுங்க.

கீழாநெல்லி. உங்க மாமியார் பாசத்துல செய்யறாங்க, அத உடைச்சு பேசாதீங்க. அந்த செடி மேல எனக்கு மரியாதை உண்டு, 1988ல நம்ம சென்னை ஆராய்ச்சியாளர்கள் ஹெபடைட்டிஸ் பி-க்கு அத குடுத்து பாத்து உலகமே திரும்பி பாத்துச்சு, ஆனா பிற்பாடு மத்த இடங்கள்ல செஞ்சு பாத்தப்ப அந்த பலன் வரல. காமாலை அதால இறங்குச்சேன்னு கேப்பாங்க, தண்ணியால வர்ற காமாலை பெரும்பாலானவங்களுக்கு சில வாரத்துல தானாவே இறங்கறதுதான். இவருக்கு இருக்கறது கொழுப்பு, காமாலை இல்ல. அதோட கடையில விக்கற ஈரல் பொடி, லேகியம் எதுவும் வாங்காதீங்க. கொரோனா சமயத்துல எதிர்ப்புச் சக்திக்குன்னு சீந்தில் குடிச்சு ஈரல் கெட்டு வந்தவங்கள பத்தி மும்பை டாக்டர்கள் எழுதியிருக்காங்க.

இந்த கொழுப்புக்கு மருந்துன்னா முதல்ல எடைதான். 84 கிலோவுல 4 கிலோ குறைஞ்சாலே ஈரல்ல கொழுப்பு கரைய ஆரம்பிக்கும், 6 கிலோ குறைஞ்சா புண்ணு ஆறும், 8 கிலோ தாண்டினா லேசான தழும்பு கூட மறையலாம். அவசரப்படாதீங்க, வாரத்துக்கு அரை கிலோ போதும், பட்டினி வேண்டாம், சில சுகர் மாத்திரை போட்டுக்கிட்டு பட்டினி கிடந்தா மயக்கம் வரும், அதனால சாப்பாட்ட குறைக்கறதுக்கு முன்னாடி சுகர் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கடையில ஒரு நாளைக்கு எத்தன டீ குடிக்கிறார், எத்தன சர்க்கரையோடன்னு எண்ணி பாருங்க. பாட்டில் கூல்டிரிங்ஸ், ஜூஸ் நிறுத்தணும், பழத்த கடிச்சு சாப்பிடலாம். மத்தியான சோத்த பாதியாக்கி அந்த இடத்துல பொரியல், சுண்டல், முட்டை வைங்க. ராத்திரி கடை சாத்திட்டு வர்றப்ப பரோட்டா வாங்கற பழக்கம் இருந்தா அதுவும் போகட்டும். தினமும் அரை மணி நேரம் வேர்க்கற மாதிரி நடக்கணும், நீங்களும் கூட போங்க.

கண்ணு மஞ்சளாறது, வயிறு உப்பிக்கிட்டே போறது, ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பா மலம், பேச்சுல தடுமாற்றம், குளிர் காய்ச்சலோட வலது பக்கம் கடுமையான வலி, இதுல எது வந்தாலும் எனக்கு கடிதம் எழுதிக்கிட்டு இருக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க. மத்தபடி ஆறு மாசம் கழிச்சு எடையும் ஈரல் ரத்தப் பரிசோதனையும் பாத்துட்டு எனக்கு எழுதுங்க, ஹெபடைட்டிஸ் ரிசல்ட்டையும் சேர்த்து.