ஆர்எக்ஸ் 100 இழுக்கவில்லை என்றால் உடனே போர் போட வேண்டுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100, மாமா ஓட்டிய வண்டி. ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது, முதல் இரண்டு கியரில் பிக்கப்பும் நன்றாக இருக்கிறது. நான்காவது கியரில்தான் 60-ஐத் தாண்ட மறுக்கிறது. ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகினால் இழுவை கூடுவதற்குப் பதில் அமுங்கிப்போகிறது. பிளக் புதுசு, கார்பரேட்டரும் கழுவியாயிற்று. போர் போட்டு பிஸ்டன் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். போடலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: போர் போடுவது, அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவது, இப்போதைக்கு வேண்டாம். சிலிண்டர் தேய்ந்து கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை அழுத்தும் பலம்) போன வண்டி ஒரே கிக்கில் எழுந்திருக்காது, எழுந்தாலும் முதல் கியரிலிருந்தே சோர்ந்துதான் கிளம்பும். உங்கள் வண்டி கீழே இழுக்கிறது, மேலே திணறுகிறது. அப்படியென்றால் வேகம் கூடும்போது தேவைப்படுகிற காற்றோ பெட்ரோலோ உள்ளே போகவில்லை, அல்லது புகை வெளியேற வழியில்லை. சந்தேகமாக இருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு கிக்கரை மெதுவாக மிதித்து, கெட்டியாக நிற்கும் இடத்தில் உடம்புப் பாரத்தைக் கொடுத்துப் பாருங்கள். கால் சட்டென்று இறங்காமல் கொஞ்சம் தாங்கி இறங்கினால் கம்ப்ரஷன் ஓரளவு இருக்கிறது என்று அர்த்தம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த சிலிண்டரின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர், ஒவ்வொரு போருக்கும் கால் மில்லிமீட்டர் வீதம் கடைந்து எடுப்பார்கள், நான்கு முறை எடுத்தால் அதன் ஆயுள் முடிந்தது, அப்புறம் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் புது உட்குழாய்) அடிக்க வேண்டும் அல்லது வேறு சிலிண்டருக்கு அலைய வேண்டும். 1996-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு நல்ல சிலிண்டர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தேவையில்லாமல் ஒரு போர் வீணாவதைப் பார்க்கவே மனசு கேட்காது.

முதலில் எஞ்சினைச் சாராத இரண்டு விஷயங்களை ஒதுக்கிவிடுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், பிரேக் உரசினால் இரண்டு சுற்றில் நின்றுவிடும். அடுத்து கிளட்ச். நான்காவது கியரில் ஓடும்போது சட்டென்று திருகினால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. உங்களுக்குச் சத்தமே அமுங்குவதால் இது இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் சொல்கிற அறிகுறிக்கு நான் முதலில் கை வைப்பது சைலன்சரில். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதால், வருடக்கணக்கில் சுத்தம் செய்யாமல் விட்டால் கரி படிந்து அடைத்துக்கொள்ளும். சைலன்சரின் வால் பக்கம் ஒரு சின்ன போல்ட் இருக்கும், அதைக் கழற்றிவிட்டு பிளையரால் பிடித்துத் திருகி இழுத்தால் உள்ளே இருக்கும் பாஃபிள் குழாய் வரும். பல வருடம் கழற்றாதது என்றால் வர மறுக்கும், மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்துத் தட்டி எடுங்கள். அதிலுள்ள ஓட்டைகள் கண்ணுக்கே தெரியாத அளவுக்குத் தார் மாதிரி கரி அப்பியிருந்தால் உங்கள் பிரச்சினையில் பாதிக்கு மேல் அங்கேயே இருக்கிறது. தீயில் வாட்டி, ஆறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுங்கள். வாட்டுவதற்கு முன் மண்ணெண்ணெய் நன்றாக உலர்ந்துவிட வேண்டும், வண்டிக்குப் பக்கத்தில் வைத்து இதைச் செய்யவே கூடாது. அப்படியே சைலன்சர் பெண்டைக் கழற்றி எக்ஸாஸ்ட் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே படிந்த கரியை, பிஸ்டன் துவாரத்தை மூடி நிற்கும்படி கிக்கரைத் தள்ளி வைத்துக்கொண்டு, மரக்குச்சியால் சுரண்ட வேண்டும். ஸ்க்ரூடிரைவர் போட்டால் பிஸ்டனில் கோடு விழும். சத்தத்துக்காக பாஃபிளையே தூக்கி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டூ ஸ்ட்ரோக் சைலன்சரின் உள்வடிவம் எஞ்சினோடு சேர்த்துக் கணக்குப் போட்டுச் செய்தது, கை வைத்தால் இழுவைதான் கெடும்.

ஆயில் பம்ப்பைத் துண்டித்துவிட்டு டேங்கில் ஆயிலைக் கலந்து ஊற்றுகிறீர்களா என்று எழுதவில்லை. அப்படியானால் அளவைப் பாருங்கள். பாதுகாப்புக்கு என்று லிட்டருக்கு 50 மில்லி ஊற்றினால் அது 20-க்கு 1 கலவை, இன்றைய நல்ல டூடி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலுக்கு அவ்வளவு தேவையில்லை. சைலன்சர் மறுபடி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

சைலன்சர் சுத்தமாக இருந்தும் அதே கதை என்றால் பெட்ரோல் வரத்து. டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கலாம். அமுங்கும்போது ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்தால் புஸ் என்று காற்று உள்ளே இழுக்கும், உடனே வண்டி சரியாகிவிடும். பெட்ரோல் டேப்பின் சல்லடையில் டேங்க் துரு சேர்ந்திருந்தாலும் இதே திணறல்தான். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் பொடிந்திருந்தால் மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று, இதில் அலட்சியம் வேண்டாம். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் ரேஸ் இறங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறதா? கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெடித்திருக்கலாம், அல்லது இடதுபுற மேக்னட் பக்கம் கிராங்க் ஆயில் சீல் போயிருக்கலாம். அந்த வழியாகத் திருட்டுக் காற்று புகுந்தால் கலவை வறண்டு (காற்று கூடி பெட்ரோல் குறைந்து), சூடு ஏறி, ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்கள், காப்பிப்பொடி நிறம் நல்லது, வெள்ளை வெளேர் என்றிருந்தால் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள். வலதுபுற சீல் போயிருந்தால் கியர் ஆயில் குறைந்து வெள்ளைப் புகை மண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் இழுக்கவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றி சிலிண்டரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அளவைக் காட்டாமல் போர் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். காலையில் நன்றாக இழுக்கிறது. கொல்லிமலை ஏறினால் பாதி வளைவுக்கு மேல் எஞ்சின் சூடாகி முதல் கியர் கேட்கிறது.
– வாசகர், சேந்தமங்கலம்

பதில்: 70 கொண்டை ஊசி வளைவு ஏறுவது 97 சிசி வண்டிக்குச் சுலபமில்லைதான், ஆனாலும் சூடான பிறகு மட்டும் சோர்கிறது என்றால் டாப்பெட் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி) இறுக்கமாக இருக்கலாம். சத்தமே வரக்கூடாது என்று இடைவெளியைக் குறைத்து வைத்துவிடுகிறார்கள். சூட்டில் வால்வு நீளும்போது முழுசாக மூடாது, கம்ப்ரஷன் கசிந்துவிடும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். காதால் கேட்டு வைப்பது வேண்டாம்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் என் பழைய வண்டி இழுக்கவில்லை என்கிறார்களே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கொஞ்சம் உண்மை. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் 20 சதவீதம் கலந்ததில் மைலேஜ் சற்று அடிபடும். கார்பரேட்டர் வண்டி தானாகச் சரிசெய்துகொள்ளாது என்பதால் கலவையும் லேசாக வறளும். ஆனால் பெரிய இழுவைக் குறைவுக்கு அதை மட்டும் காரணம் சொல்ல முடியாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கும். கிண்ணத்தின் கீழே இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் தனியாக அடியில் தெரியும். பழைய பெட்ரோல் டியூபும் ஓ ரிங்குகளும் உப்பியிருந்தால் மாற்றிவிடுங்கள், அதிகம் செலவாகாது.