காலணா வரியில் வந்த ரயில்
வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை)–முத்துப்பேட்டை பாதையைப் போட்டது ரயில்வே கம்பெனி இல்லை, ஜில்லா போர்டு என்கிறார்களே? ரோடு போடுகிறவர்கள் ரயிலும் விடுவார்களா?
– வாசகர், பூந்தோட்டம்

போட்டது போர்டு, ஓட்டியது கம்பெனி. அந்நாளில் மாவட்டத்தின் உள்ளாட்சி அமைப்பாக இருந்த தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலத்தின் ஆண்டுக் குத்தகை மதிப்பில் ரூபாய்க்கு மூன்று தம்படி, அதாவது காலணா, ரயிலுக்கென்றே தனி வரி வசூலித்தது. நூறு ரூபாய் குத்தகை மதிப்புள்ள நிலத்துக்கு நூறு காலணா, ரூபாய்க்குப் பதினாறு அணா ஆக ஒரு ரூபாய் ஒன்பது அணா. சாலைக்கும் சத்திரத்துக்கும் கொடுத்த வரிக்கு மேலே இது. இப்படிச் சேர்ந்த பணத்தில் 54 மைல் மீட்டர் கேஜ் பாதை (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்) போட்டு 1894-ல் திறந்தார்கள். என்ஜின், பெட்டி, ஆட்கள் எல்லாம் தென்னிந்திய ரயில்வே கம்பெனியுடையவை. பாதை போர்டின் சொத்து. வருமானத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

வழியைத் தேர்ந்தெடுத்ததில்தான் கெட்டிக்காரத்தனம். அப்போதே இருந்த இரண்டு பாதைகளும் ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடின: மாயவரம்–கும்பகோணம்–தஞ்சாவூர் ஒன்று, தஞ்சாவூர்–திருவாரூர்–நாகப்பட்டினம் இன்னொன்று. போர்டு பாதை வடக்கிலிருந்து தெற்கே இறங்கி இரண்டையும் தைத்தது. அதற்கான விலை பாலங்கள். டெல்டாவில் ஆறெல்லாம் கிழக்கே போகும்போது தெற்கே போகிற பாதை ஒன்று விடாமல் குறுக்கே வெட்டியாக வேண்டும். அரசலாறு, வெட்டாறு, ஓடம்போக்கியாறு எனத் தாண்டிக்கொண்டே போக வேண்டும். நடுவே ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு மதகு. மதகைக் குறைத்துச் செலவு மிச்சம் பிடித்தால் ரயில் கரையே அணையாகிவிடும்: மேற்கே வயல் முழுகும், கிழக்கே காயும்.

பாதை 1903 முடிவில் பட்டுக்கோட்டை வழியாக அறந்தாங்கியைத் தொட்டது. பிரெஞ்சுக் காரைக்காலுக்கும் இதனால் லாபம். பேரளம் வரை பாதை வந்துவிட்டதால் சுமார் 23 கிலோமீட்டர் போட்டதும் 1898-ல் அங்கேயும் ரயில் போய்விட்டது. காலணா யோசனை மற்றவர்களுக்கும் பிடித்தது என்றே சொல்ல வேண்டும். விஜயவாடா–மசூலிப்பட்டினம் பாதை கிருஷ்ணா ஜில்லா போர்டுடையது. 1915-ன் போத்தனூர்–பொள்ளாச்சி கோவை போர்டுடையது. 1923-ல் வந்த திருச்செந்தூர் பாதை திருநெல்வேலி போர்டுடையது.

கேள்வி: மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயில் நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. பாதை போன தடத்தை இப்போது கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், ஆக்கூர்

முடியும். 1926-ல் திறந்து 1986-ல் மூடிய பாதை, சுமார் 29 கிலோமீட்டர். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று போனது. முதலில் கிராம வரைபடத்தைப் பாருங்கள். வயல்களின் நடுவே ஒரே அகலத்தில், மூலை திரும்பாமல், மெல்ல வளைந்துபோகிற நீளத் துண்டு இருந்தால் அது ரயில் நிலம். சாலை வேலியைக் கண்டால் ஒடிந்து திரும்பும், ரயில் திரும்பாது. அந்தப் புல எண்ணைக் கிராமத்து நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டில் ஒத்துப்பாருங்கள்.

பிறகு நேரில் போங்கள். மீட்டர் கேஜ் கரையின் மேல் அகலம் சுமார் 16 அடி. மண்ணை அள்ளிக்கொண்டு போயிருந்தாலும் வாய்க்கால் மதகுகளின் பக்கச் சுவர் அநேகமாக நிற்கும். எதிரெதிரே இரண்டு சுவர், நடுவே சாலை இல்லை என்றால் நீங்கள் தடத்தில்தான் நிற்கிறீர்கள். தண்டவாளத்தைப் பெயர்த்ததாலேயே நிலம் யாருக்கும் சொந்தமாகிவிடாது. எல்லைக்கல்லைத் தொடாதீர்கள்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டில் உத்தரத்துக்குத் தண்டவாளம் போட்டிருக்கிறது. அது எந்தப் பாதையில் கிடந்தது, எந்த வருஷத்தது என்று தெரிந்துகொள்வது எப்படி? வைத்திருப்பது குற்றமா?
– வாசகர், பொறையார்

தண்டவாளத்தின் தலைக்கும் அடிப்பட்டைக்கும் நடுவே உள்ள நடுத்தண்டின் பக்கவாட்டைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, சாக்பீஸைப் படுக்க வைத்துத் தடவுங்கள். உருக்காலையில் உருட்டும்போதே பதித்த புடைப்பு எழுத்து வெளுத்துத் தெரியும்: எடைக் குறி, ஆலையின் பெயர், மாதம், வருஷம். ‘60 ஆர்’ என்று தெரிந்தால் கஜத்துக்கு 60 பவுண்டு, மீட்டருக்கு 30 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எழுத்து அரித்துப் போயிருந்தால் அளந்து பாருங்கள். உயரம் 114 மில்லிமீட்டர், அடிப்பட்டை 109 இருந்தால் 60 பவுண்டு. உயரம் 105, அடி 100 என்றால் 50 பவுண்டு. தலை தேய்ந்த தண்டவாளத்தில் உயரம் சில மில்லிமீட்டர் குறைவாகக் காட்டும், அதனால் அடிப்பட்டை அளவையே நம்புங்கள்.

பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. அதில் உள்ள வருஷம் உருக்காலையில் உருட்டிய வருஷம், பாதை போட்ட வருஷம் அல்ல. பிரதான பாதையில் உழைத்து ஓய்ந்த தண்டவாளத்தைக் கழற்றிக் கிளைப் பாதையில் போடுவது ரயில்வேயின் வழக்கம். 1926-ல் திறந்த பாதையில் அதற்கு இருபது வருஷம் மூத்த இரும்பு கிடக்கலாம். எந்தப் பாதையில் கிடந்தது என்பதை இரும்பு சொல்லாது.

ஏலத்தில் எடுத்ததாக இருந்தால் குற்றமில்லை. ஆனால் 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டப்படி, திருடியதோ முறையின்றிப் பெற்றதோ என்று நியாயமாகச் சந்தேகப்படும்படி ரயில்வே சொத்து உங்களிடம் இருந்தால், முறையாக வந்தது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. முதல் தடவைக்கே ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. ஏல ரசீதை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

கேள்வி: ஒற்றைப் பாதையில் டிரைவரிடம் வளையத்தோடு தோல் பை கொடுப்பார்களே, அதில் இருந்தது என்ன?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

இரும்புப் பந்து. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களில் கம்பியால் இணைத்த இரண்டு இயந்திரங்கள். இரண்டிலுமாகப் பல பந்துகள் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெளியே வரும். அது கையில் இருக்கும் வண்டிக்கே வழி. எதிர் ஸ்டேஷனில் பந்தை உள்ளே போட்டால்தான் அடுத்தது வரும். பக்கத்துப் பகுதியின் பந்தை மாற்றிப் போட முடியாதபடி அமைப்பை வேறாக வைத்திருப்பார்கள்.

இதில் வருகிற கோளாறு வேடிக்கையானது. ஒரு திசையில் வண்டி அதிகம் போனால் பந்தெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்து, மறுபக்கம் காலியாகிவிடும். பிறகு சிக்னல் பிரிவு ஆள் கணக்கெழுதிப் பந்துகளைக் கையோடு எடுத்துப் போய் நிரப்ப வேண்டும். அதற்கு மேல் போகாமல் முடிந்துவிடுகிற முட்டுப்பாதையின் கடைசித் துண்டுக்கு இவ்வளவு தேவையில்லை. ஒரே ஒரு கோல், அது இருக்கும் ஒரே ஒரு வண்டி. உள்ளே போனது திரும்பும் வரை இன்னொன்று போகாது.

கேள்வி: தர்மபுரியில் குட்டி ரயில் ஓடியதாமே?
– வாசகர், மொரப்பூர்

ஓடியது. இரண்டரை அடி அகலக் குறும்பாதை. பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுபோகப் போட்டது. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி 1905, மொரப்பூர்–தர்மபுரி 1906. பிறகு ஓசூர் வரை நீண்டது. மொரப்பூரில் அகலப் பாதை வண்டியிலிருந்து ஒவ்வொரு மூட்டையையும் தோளில் இறக்கி ஏற்ற வேண்டும். லாரி வந்ததும் அந்தக் கூலியே ரயிலுக்கு எமனாயிற்று. 1941-ல் மூடினார்கள்.

கேள்வி: 2019-ல் அகலப் பாதையாகத் திறந்த திருவாரூர்–காரைக்குடியில் ரயில் ஏன் ஆறு மணி நேரம் ஊர்ந்தது? பாதை புதுசுதானே?
– வாசகர், பேராவூரணி

தண்டவாளத்தில் குறை இல்லை, அப்போது கேட்டில் ஆள் இல்லை. சுமார் 150 கிலோமீட்டரில் வழிநெடுகக் கேட்டுகள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். வண்டியிலேயே வரும் ஆள் இறங்கி மூடுவார். வண்டி தாண்டி மறுபடி நிற்கும். இன்னொருவர் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறுவார். ஒன்றுக்கு மூன்று நிமிஷம் என்று வைத்தாலும் அறுபது கேட்டுக்கு மூன்று மணி நேரம் போய்விடும். நிரந்தர ஆள் போடுவதென்றால் கேட்டுக்கு ஒருவர் போதாது, ஷிப்டுக்கு ஒருவர் வேண்டும். சுரங்கப் பாதை வெட்டிக் கேட்டை மூடலாம்தான். டெல்டாவில் அது ஐப்பசி பிறந்தால் குளம். வெட்டும்போதே நீரிறைக்கும் மோட்டாருக்கும் வடிகாலுக்கும் இடம் விடச் சொல்லி ஊராட்சி மூலம் எழுதிக் கேளுங்கள்.