ஜேஎஸ்பி பக்கம் முதல் தடவை மட்டும் மெதுவாகத் திறப்பது ஏன்? உள்ளே என்ன நடக்கிறது?

புதிய பதிப்பை ஏற்றி சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் முதல் ஆளுக்கு மட்டும் பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது, அப்புறம் சட்டென்று வருகிறது என்கிறீர்கள். பக்கத்தை மாற்றியதும் முதலில் கேட்பவருக்கும் இதே கதைதான். ஜேஎஸ்பி என்பது ஹெச்டிஎம்எல்லுக்கு நடுவே ஜாவா எழுதும் பக்கம். அந்த ஆள் கேட்ட பிறகுதான் உங்கள் பக்கம் புரோகிராமாகவே ஆகிறது. இந்தப் பக்கங்களை ஓட்டும் சர்வரான டாம்கேட்டுக்குள் இருக்கும் ஜாஸ்பர் என்ற பகுதி அதைப் படித்து, ஒரு ஜாவா கிளாஸாக எழுதி, ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றி (கம்பைல் செய்து), மெமரியில் ஏற்றுகிறது. அடுத்து வருபவர்களுக்கெல்லாம் அதே கிளாஸ் வேலை செய்துவிடும்.

நான் விளக்குவதைவிட நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. டாம்கேட் ஃபோல்டருக்குள் 'ஒர்க்' என்று ஒன்று இருக்கும். நோண்டிக்கொண்டே உள்ளே போனால், இதுவரை யாராவது திறந்து பார்த்த ஒவ்வொரு பக்கத்தின் பெயரிலும் ஒரு ஜாவா ஃபைலும் அதன் கிளாஸ் ஃபைலும் கிடக்கும். ஜாவா ஃபைலைத் திறந்தால், நீங்கள் எழுதிய ஹெச்டிஎம்எல் முழுக்க 'இதை வெளியே எழுது' என்கிற கட்டளைகளாக, மேற்கோள்குறிக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். <% %> நடுவில் எழுதிய ஜாவா அந்த வரிகளுக்கிடையே அப்படியே வந்து விழுந்திருக்கும். மொத்தமும் ஒரே மெத்தட், அதாவது ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓடும் ஒரே கட்டளைத் தொகுப்பு.

இதைப் பார்க்காமலே வேலை செய்து நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. லாகின் செய்தவரின் பெயரை வைக்க ஒரு வேரியபிளை <%! %> நடுவில் அறிவித்திருந்தேன். என் மெஷினில் கச்சிதமாக ஓடியது, சோதித்தது நான் ஒருவன்தானே! இரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழைந்ததும் ஒருவருக்கு மற்றவரின் பெயர் வந்தது. ஒவ்வொருவரின் விவரத்தையும் சர்வர் தனித்தனியாக நினைவில் வைக்கும் செஷனை இரண்டு நாள் சந்தேகப்பட்டேன், பிரவுசரைத் திட்டினேன். கடைசியில் ஒர்க் ஃபோல்டரைத் திறந்தால் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. ஆச்சரியக்குறி போட்டு எழுதியது மெத்தடுக்கு வெளியே, கிளாஸின் சொத்தாகப் போயிருந்தது. அந்த கிளாஸுக்கு ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான், எல்லாருடைய கோரிக்கையும் அதற்குள்தான் ஓடுகிறது. ஆச்சரியக்குறியை எடுத்தேன். வேரியபிள் மெத்தடுக்குள் வந்தது, பிரச்சினையும் போயிற்று.

இன்னொன்றும் அங்கேதான் புரியும். ஜாவாவில் ஒரு மெத்தட் கம்பைல் ஆனபின் 65,535 பைட்டைத் தாண்டக்கூடாது. மெனு, தலைப்பு, அடிக்குறிப்பு என்று எல்லாவற்றையும் <%@ %> இன்க்ளூடில் இழுத்தால் அவை கம்பைலுக்கு முன்பே ஒரே பக்கமாக ஒட்டப்பட்டு, அந்த ஒற்றை மெத்தட் வீங்கிக்கொண்டே போகும். ஒருநாள் கம்பைலர் கைவிரித்துவிடும். 'ஜேஎஸ்பி:இன்க்ளூட்' டேக் போட்டால் மெனு தனி கிளாஸாக இருக்கும். எத்தனை பக்கம் கூப்பிட்டாலும் அதே ஒன்றுதான் ஓடும்.

இன்னொரு வெப் மொழியான பிஎச்பியில் கதை கொஞ்சம் வேறு. 2013இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து ஓபிகேச் கூடவே வருகிறது. கம்பைல் ஆன கட்டளைகளை (ஆப்கோடை) அது பல புராசஸ்கள் பகிரும் மெமரியில் வைத்துக்கொள்ளும். ஆனால் வேரியபிள்கள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகப் பிறப்பதால் நான் செய்த தவறு அங்கே நடக்காது. அங்கே மாட்டுவது வேறு இடத்தில்: ஃபைல் மாறியதா என்று பார்க்கும் அமைப்பை அணைத்துவிட்டு, புதிய கோடை ஏற்றியபின் 'மாறவே இல்லையே' என்று மண்டையை உடைத்துக்கொள்வது.

உங்கள் தாமதத்துக்கு வழி, பக்கங்களை முன்கூட்டியே கம்பைல் செய்து ஏற்றுவதுதான். ஜாஸ்பரைத் தனியாக ஓட்ட முடியும், சர்வரில் ஏற்றுவதற்கு முன் கோடைத் தயார் செய்யும் பில்டிலேயே சேர்த்துவிடுங்கள். யாரும் அதிகம் திறக்காத பக்கத்தில் விட்டுப்போன அரைப்புள்ளிகூட அப்போதே பிடிபடும்.