உங்களுக்குப் பிடித்த ஹெவி மெட்டல் ஆல்பத்தைப் பல வருடம் கழித்துத் திரும்பக் கேட்டபோது எப்படி இருந்தது?

மெட்டாலிகா என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவின் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'. வெளிவந்தது 1988இல். என் கைக்கு வந்தது 1997இல், 60 நிமிட கேசட் ஒன்றில்.

நாங்கள் கடலூர், மஞ்சக்குப்பம். அண்ணன் பாண்டிக்கு பஸ் ஏறிப் போய், ஒரு ரெக்கார்டிங் சென்டரில் காலி கேசட்டைக் கொடுத்துப் பதிந்து வாங்கி வந்தார். அட்டையில் பச்சை மையில் எட்டுப் பாட்டின் பெயர். ஏ பக்கத்தில் கடைசி 'ஒன்'. குண்டுவெடிப்பில் கை, கால், பார்வை, பேச்சு எல்லாம் போன ஒரு சிப்பாயின் மனக்குரல் அது. மெதுவாகத் தொடங்கும்; போகப்போக டிரம்ஸ் இயந்திரத் துப்பாக்கியாக வெடிக்கும். அந்த வேகத்திலேயே டக்கென்று நின்றுவிடும். பாட்டே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் அடித்தொனி தரும் அந்த பேஸ் கிட்டார். கேட்கவே கேட்காது. டேப் ரெக்கார்டர்தான் சரியில்லை என்று திருகைக் கடைசிவரை திருப்பி, ஸ்பீக்கர் வலையில் விரலை வைத்து அதிர்கிறதா என்று பார்ப்பேன்.

2011 டிசம்பர் 30, தானே புயல். ஓடு பறந்து, மழை உள்ளே இறங்கி, கேசட் பெட்டி முழுக்க ஊறிப்போனது. அதன்பிறகு இந்த ஆல்பத்தை நான் கேட்கவில்லை.

2018இல் பழைய பதிவைத் துலக்கிய ரீமாஸ்டர் வந்த சமயம், ஒருநாள் ராத்திரி மொட்டை மாடியில் முதலிலிருந்து போட்டேன். 'பிளாக்கன்ட்' தொடக்கத்தில் கிட்டாரைப் பின்னோக்கி ஓட்டியிருப்பார்கள். பூமி கருகி அழிவதைச் சொல்லும் பாட்டு. சின்ன வயதில் அதன் வேகம்தான் பிடித்தது. புயலுக்குப் பிறகு பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்ததைப் பார்த்தவனுக்கு இப்போது வேறு மாதிரிக் கேட்கிறது. தலைப்புப் பாட்டு ஒன்பதே முக்கால் நிமிடம், கொஞ்சம் நீளம்தான்.

பேஸ் இப்போதும் கேட்கவில்லை. கோளாறு எங்கள் டேப் ரெக்கார்டரில் இல்லை, வாத்திய ஒலிகளைக் கலக்கும் மிக்ஸிங்கே அப்படி. 1986இல் ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து குழுவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தார். அவர் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட் வாசித்ததைத்தான் அமுக்கிவிட்டார்கள். அந்த வறண்ட சத்தம் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் ஒரு மனிதனின் அத்தனை உழைப்பும் காதில் விழாமலே போனதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

எட்டாவது பாட்டு 'டு லிவ் இஸ் டு டை'. பர்ட்டன் விட்டுப்போன இசைத் துணுக்குகளை வைத்துக் கட்டியது. அது அடங்கியதும் எழுந்து ஸ்பீக்கரை அணைக்கப் போனேன். திடீரென்று டிரம்ஸ் பொரிந்தது. 'டையர்ஸ் ஈவ்', ஒன்பதாவது பாட்டு! ஆல்பம் மொத்தம் 65 நிமிடம். எங்கள் கேசட் 60, பக்கத்துக்கு முப்பதுதான். எட்டாவது பாட்டோடு நாடா தீர்ந்திருக்கிறது. 'ஒன்' வெட்டுப்பட்டதும் அதனால்தான்.

தன்னைப் பொத்திப் பொத்தி வளர்த்த பெற்றோரிடம் ஒரு மகன் கொதித்துப் பேசும் பாட்டு அது. பதினாறு வயதில் கேட்டிருந்தால் மனப்பாடம் செய்திருப்பேன். அன்றைக்குக் கேட்கும்போது கீழே என் மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஓசூரில் இருக்கும் அண்ணனுக்கு அப்போதே போன் போட்டேன். "இன்னொரு பாட்டு இருக்குண்ணா."

"போடு, கேட்கிறேன்" என்றார். ஐந்து நிமிடமும் போனை ஸ்பீக்கர் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.