கல்லூரிகளில் காப்பியடிக்காத சூழலை உருவாக்க முடியுமா? கடும் தண்டனையும் நல்ல சாஃப்ட்வேரும் போதாதா?

போதாது. இரண்டுமே நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் தெரிவதைச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். கருத்துத் திருட்டைத் தடுக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் விதிமுறை கொண்டுவந்தது. ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவு ரத்து. பெரிய அளவில் மாட்டும் ஆசிரியருக்கு ஊதிய உயர்வு நிற்கும், வழிகாட்டியாக இருக்கவும் தடை வரும்.

குறை சொல்ல முடியாத சட்டம்தான். ஆனால் அது வந்த பிறகு "இது யார் செய்த வேலை?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எத்தனை பர்சன்ட் வந்திருக்கு?" என்று கேட்கப் பழகிவிட்டோம். சாஃப்ட்வேர் ரிப்போர்ட்டில் கலர் அடித்துக் காட்டிய வரிகளை மட்டும் எடுத்து, சொல்லை மாற்றி, வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு 9 சதவீதத்துக்கு இறக்கிவிட்டால் ஆய்வேடு சுத்தம். இதைப் பக்கக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு செய்துகொடுக்க ஆட்கள் இருந்தார்கள். இப்போது அந்த வேலையை ஏஐ சும்மாவே செய்துவிடுகிறது. ஆங்கிலக் கட்டுரையை அப்படியே தமிழாக்கிப் போட்டால் பெரும்பாலும் சாஃப்ட்வேர் கண்ணில் படுவதே இல்லை. ஆனால், நேர்மையாகச் செய்த ஒருவர் தன் சோதனை முறையை வழக்கமான சொற்களில் எழுதியிருந்தால் அதற்குக் கலர் விழும்.

ஆனால் ஆய்வு மாணவர் எங்கள் கைக்கு வரும்போதே காப்பியடிக்கப் பழகித்தான் வருகிறார். எங்கே பழகினார் என்றால், இளநிலை முதலாண்டு லேபில்.

தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நூல், 20 அலைவு, ஏறக்குறைய 40 விநாடி. ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவதில் கை 0.2 விநாடி முன்பின் ஆகும், அது மனித இயல்பு. அந்த அரை சதவீதப் பிழை, g என்ற புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கும்போது இரட்டிப்பாகி ஒரு சதவீதம் ஆகும். அதாவது 9.7 வந்தாலும் சரி, 9.9 வந்தாலும் சரி, பையன் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான். ஆனால் ரெக்கார்ட் நோட்டுகளைப் புரட்டினால் வகுப்பு முழுக்க 9.8. சென்னையின் உண்மையான மதிப்பே 9.78 தான், அதைவிடக் கச்சிதமாக இவர்கள் அளந்திருக்கிறார்கள்!

எப்படி வருகிறது? விடையை முதலில் எழுதிவிட்டு, ரீடிங்கைப் பின்னாலிருந்து வரவழைக்கிறார்கள். சீனியர் ரெக்கார்ட் இருந்தால் அந்தக் கஷ்டமும் இல்லை. ஏன் செய்கிறார்கள்? 9.5 என்று கொண்டுவந்த மாணவியிடம் "தப்பு, மறுபடி செய்" என்கிறோம். பக்கத்து டேபிளில் கதையளந்து 9.8 எழுதியவருக்கு உடனே கையெழுத்துப் போடுகிறோம். இதைவிடத் தெளிவாகப் பொய்க்கு மார்க் போட முடியாது.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டும் இதே கதைதான். ஊர் ஊருக்கு ப்ராஜெக்ட் சென்டர் போர்டு தொங்குவது எல்லோருக்கும் தெரியும். ரிப்போர்ட், கோடிங், வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) கேள்வி பதில் எல்லாம் ஒரே கட்டணம். அது ஓடுவதற்குக் காரணம், ஜனவரியில் தலைப்புக் கொடுத்துவிட்டு ஏப்ரலில் பைண்டிங்கைப் பார்க்கும் நாம்தான். நடுவில் என்ன நடந்தது என்று கேட்பதே இல்லை. வாரம் ஒருமுறை "இந்த வாரம் எது வேலை செய்யவில்லை?" என்று கேட்டால் போதும், சென்டரில் வாங்கியவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது.

தண்டனையைக் கூட்டினால் சரியாகும் என்பவர்களுக்கு அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சொல்வேன். 1840-இல் அங்கே ஒரு பேராசிரியரை மாணவர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அதற்குப் பின், 1842-இல், தேர்வில் உதவி பெறவில்லை என்று மாணவரே கையெழுத்துப் போட்டு உறுதி தரும் முறை வந்தது. பிற்பாடு அதை நடத்தும் பொறுப்பே மாணவர்கள் கைக்குப் போனது. குற்றம் உறுதியானால் ஒரே தண்டனை, வெளியேற்றம். அதை 2022-இல் மாணவர்களே வாக்களித்து மாற்றினார்கள். தண்டனை அவ்வளவு பெரிதாக இருந்தால் புகார் கொடுக்கவே ஆள் தயங்கும் என்பது மாற்றம் கேட்டவர்களின் வாதம்.

நம் ஊர்த் தேர்வறையிலும் அதே தயக்கத்தைப் பார்க்கலாம். பிட்டோடு பிடிபட்டவனைப் பார்த்து "பாவம், புகார் எழுதிக்கொடுத்தால் ஒரு வருஷம் போய்விடும்" என்று பிட்டை மட்டும் பிடுங்கிக்கொண்டு மறுபடி எழுத விடுகிற கண்காணிப்பாளர்கள் எத்தனை பேர்! தண்டனை சிறியதாக, ஆனால் தப்பாமல் வந்தால் போதும்: அந்தத் தாளுக்கு மட்டும் பூஜ்யம் என்பதுபோல.

அப்புறம் நம்மைப் பற்றி. இணையத்தில் எடுத்த படங்களை மூலம் சொல்லாமல் பிபிடியில் போடுகிறோம். மாணவர் எழுதிய கட்டுரையில், படித்தே பார்க்காத துறைத் தலைவரின் பெயர் ஏறுகிறது. பிஎச்டிக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022-இல் எடுத்துவிட்டது. ஆனால் ஆசிரியர் பதவி உயர்வுக்கு எண்ணிக்கை இன்னும் முக்கியம்தான். மாணவர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். முதல் நாள் கொடுக்கும் நேர்மைச் சொற்பொழிவு ஏன் எடுபடவில்லை என்று தனியாக ஆராய வேண்டியதில்லை.

சரி, 60 பேர் வகுப்பில் யார் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிப்பது? நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். ரெக்கார்டில் சோதனைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். சோதனை செய்யும்போதே எழுதும் அப்சர்வேஷன் நோட்டில் பேனாவால்தான் ரீடிங் எழுத வேண்டும், அடித்தல் திருத்தல் இருக்கலாம், அன்றே அதில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று வையுங்கள். மார்க்கை விடைக்குப் போடாமல், "உன் விடை ஏன் 9.5 வந்தது?" என்பதற்கு அவர் சொல்லும் காரணத்துக்குப் போடுங்கள். வாரம் ஐந்து பேரை மட்டும், யார் என்று முன்கூட்டிச் சொல்லாமல், நோட்டோடு கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். இதற்கெல்லாம் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் தீர்மானம் தேவையில்லை, இன்டர்னல் மார்க் நம் கையில்தான் இருக்கிறது.