பாலியெஸ்டரைக் காரத்தில் நீராற்பகுத்தால் கிடைப்பது அமிலமா, உப்பா?

உங்கள் கேள்வி இதுதான்: தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பாலியெஸ்டரை, அதாவது எஸ்டர் பிணைப்புகளால் கோத்த நெடுஞ்சங்கிலியை, சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்துடன் கொதிக்கவைத்து உடைத்தால் (நீராற்பகுத்தால்) என்ன வரும், அதற்கு எப்படிப் பெயர் எழுதுவது, டெரிப்தாலிக் அமிலம் என்று எழுதியதற்கு ஏன் மதிப்பெண் போனது?

விடை: டைசோடியம் டெரிப்தாலேட் என்ற உப்பும் எத்திலீன் கிளைக்கால் என்ற ஆல்கஹாலும். அமிலம் என்று எழுதியதால்தான் மதிப்பெண் போச்சு. கவலைப்படாதீர்கள், எம்.எஸ்சி. ஆய்வகத்தில் நான் எழுதியதும் அதேதான்.

பாட்டிலைப் பொடிப்பொடியாக வெட்டி, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, மேலே கண்டென்சர் (ஆவியைக் குளிர்த்துத் திருப்பும் குழாய்) மாட்டிக் கொதிக்கவைத்தோம். மதியம் முழுக்கக் கொதித்தது. துண்டுகள் மெலிந்துகொண்டே போய்க் கடைசியில் கொஞ்சம்தான் மிஞ்சின. வடிகட்டினால் வெறும் தண்ணீர் மாதிரித் தெளிவாக ஒரு கரைசல். நான் ரெக்கார்டில் ‘விளைபொருள்: டெரிப்தாலிக் அமிலம்’ என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன். சார் பீக்கரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அந்த அமிலம் தண்ணில கரையாதேப்பா. இருந்தா அடியில வெள்ளையா உட்கார்ந்திருக்கணும். எங்க?”

பதில் இல்லை. நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச்சொட்டாக விடச் சொன்னார். பால் திரிந்தாற்போல் பீக்கர் முழுக்க வெள்ளை வீழ்படிவு. அதுதான் டெரிப்தாலிக் அமிலம். அதுவரை கரைசலில் இருந்தது அதன் சோடியம் உப்பு. காரம் நிரம்பிய இடத்தில் கார்பாக்சிலிக் அமிலம் அமிலமாகவே தங்க முடியாது, பிறந்த வேகத்தில் புரோட்டானை இழந்து கார்பாக்சிலேட் அயனி ஆகிவிடும். அந்தக் கார்பாக்சிலேட் ஆல்கஹாலோடு மீண்டும் சேர்ந்து எஸ்டராகாது என்பதால்தான் காரத்தில் வினை ஒரே திசையில் ஓடி முடிகிறது. அமிலத்தில் செய்தால் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். (அன்று கண்டென்சர் இணைப்பில் கிரீஸ் தடவ மறந்துவிட்டோம். காரம் கண்ணாடியை அரித்து மூட்டு இறுகிப்போய், அதைக் கழற்றியது தனிக்கதை. வீட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள், சூடான காரம் கண்ணில் பட்டால் பார்வையே போகும்.)

பெயர் எழுதுவதற்கு முன் சங்கிலியில் கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்று தெரிய வேண்டும். கார்பனைல் கார்பனுக்கும் (ஓர் ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்பன்), அதை அடுத்து ஒற்றைப் பிணைப்பில் இருக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவில் வெட்டுங்கள். ஆக்சிஜனுக்கு அந்தப் பக்கம் வெட்டக் கூடாது. ஏன் என்று கேட்டால், 1934-ல் பொலான்யி, ஸாபோ என்ற வேதியியலாளர்கள் கனமான ஆக்சிஜன்-18 கலந்த நீரில் ஓர் எஸ்டரைக் காரத்தால் பகுத்துப் பார்த்தார்கள். ஆல்கஹாலில் அந்தக் கன ஆக்சிஜன் வரவில்லை. அதாவது ஆல்கஹால் தன் பழைய ஆக்சிஜனோடுதான் கழன்றது. வெட்டிய பிறகு கார்பனைல் பக்கம் சோடியம் உப்பு, ஆக்சிஜன் பக்கம் ஒரு ஹைட்ரஜன் சேர்ந்து ஆல்கஹால். அவ்வளவுதான்.

ஐயுபிஏசி (IUPAC, உலகப் பொது விதிப்படியான) பெயர் கேட்டால் டைசோடியம் பென்சீன்-1,4-டைகார்பாக்சிலேட், ஈத்தேன்-1,2-டையால். கிளைக்காலுக்கும் சோடியத்தை ஒட்டிவிடாதீர்கள். சாதாரண ஆல்கஹால் மிக வலுக்குறைந்த அமிலம், நீர்க்கரைசலில் ஆல்கஹாலாகவே இருக்கும். பீனாலால் ஆன பாலியெஸ்டர் என்றால் மட்டும் கதை வேறு, அங்கே பீனாலும் சோடியம் பீனாக்சைடு வகை உப்பாகும்.

கணக்குக்கு: பெட்டின் மீள்அலகு (சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் துண்டு) ஒரு மோல் 192 கிராம். அதில் இரண்டு எஸ்டர் பிணைப்பு, எனவே இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு, 80 கிராம். கிடைப்பது 210 கிராம் உப்பு, 62 கிராம் கிளைக்கால். இரு பக்கமும் 272. மீள்அலகுக்கு ஒரு மோல் காரம் என்று போடுவதுதான் அடுத்த வழக்கமான தவறு.

அப்படியென்றால் சோப்பில் துவைக்கும் பாலியெஸ்டர் சட்டை ஏன் கரைவதில்லை? பெட் நீரில் ஊறாது, ஹைட்ராக்சைடு அயனி உள்ளே நுழையாது. மேற்பரப்பில் மட்டும் அரிப்பு நடக்கும், அதற்கும் வலுவான காரமும் சூடும் வேண்டும். துணி ஆலைகள் இதையே பயன்படுத்திக்கொள்கின்றன. சூடான காரத்தில் இழையின் மேல்தோலை வேண்டுமென்றே கரைத்து மெலிதாக்கினால், மொடமொடவென்று இருந்த துணி பட்டு மாதிரிக் குழைந்து விழும். எடை குறைப்பு என்றே அதற்குப் பெயர்.

எல்லாப் பாலியெஸ்டரும் இரண்டு விளைபொருள் தராது. பாலிலாக்டிக் அமிலத்தில் அமிலமும் ஆல்கஹாலும் ஒரே அலகின் இரு முனைகள். ஆகவே ஒரே பொருள்தான்: சோடியம் லாக்டேட், அதாவது சோடியம் 2-ஹைட்ராக்சிபுரோப்பனோயேட். மீள்அலகுக்குக் காரமும் ஒரே மோல்.

தேர்வில் நைலான்-6,6 கொடுத்துக் குழப்புவார்கள். அது எஸ்டர் இல்லை, அமைடு (ஒற்றைப் பிணைப்பு ஆக்சிஜன் இருந்த இடத்தில் நைட்ரஜன்). காரத்தில் பகுத்தால் டைசோடியம் அடிப்பேட்டும், எதுவும் ஒட்டாத ஹெக்சேன்-1,6-டைஅமீனும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பகுத்தால் தலைகீழ்: அடிப்பிக் அமிலம் அமிலமாகவே இருக்கும், டைஅமீன்தான் குளோரைடு உப்பாக மாறியிருக்கும்.